மாந்தோப்பில் பாய்ச்சிய தண்ணீர் எங்கே போகிறது

2019 ஜூலை 12ஆம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ஏற்றிக்கொண்டு முதல் ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டிலிருந்து அந்த நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்த அந்தக் கோடையில் அது எங்கள் தெருவாசிகளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. எனக்கோ அந்த எண்ணைக் கேட்டதும் வேறொரு கணக்கு ஓடத் தொடங்கியது. பெரியபாளையத்துக்கு அப்பால் இருக்கும் எங்கள் மாந்தோப்பில் ஒரு ஏக்கர் நிலம் முழுவதும் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும்படி ஒரே ஒரு முறை பாய்ச்ச 2 லட்சம் லிட்டர் வேண்டும். அப்படியானால், ஒரு மாநகரம் கைகூப்பி வரவேற்ற அந்த ரயில் தண்ணீர் முழுவதும் பன்னிரண்டரை ஏக்கர் தோப்புக்கு ஒரு தடவைப் பாய்ச்சலோடு முடிந்துவிடும்.

அந்தக் கணக்கு என்னை இன்றுவரை விடவில்லை. பழத் தோட்டங்களின் நீர்ப்பாசனத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்ததற்கு அதுவே காரணம். எங்கள் தோப்பில் வாய்க்கால் பாசனத்தையும் சொட்டு நீர்ப் பாசனத்தையும் இரண்டையும் கலந்த ஒரு முறையையும் பார்த்துவிட்டோம். மூன்றிலும் நான் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆரணியாற்றுக்கும் கொசஸ்தலையாற்றுக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பு சென்னைக்கு ஒரு மறைவான நீர்த்தொட்டி. ஆற்று மணல் அடுக்குகளில் சேர்ந்திருக்கும் நிலத்தடி நீரை நம்பித்தான் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம், பூண்டி, கன்னிகைப்பேர் ஆகிய இடங்களில் நகரத்துக்கான குழாய்க் கிணறுகள் அமைக்கப்பட்டன. நகரமும் எடுத்தது, தொழிற்சாலைகளும் எடுத்தன, விவசாயிகளான நாங்களும் எடுத்தோம். மீஞ்சூர்ப் பக்கத்தில் நன்னீர் மட்டம் இறங்க இறங்கக் கடல் நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தச் சென்னைக்கென்றே 1987இல் ஒரு சட்டம் வர வேண்டியிருந்தது. எங்கள் தோப்பு கடலுக்கு வெகு தூரத்தில் இருக்கிறது. ஆனால் நான் வில்லிவாக்கத்தில் லாரித் தண்ணீர் பிடிக்கும்போது, அது எங்கள் மாமரத்தின் வேருக்குக் கீழே இருக்கும் அதே மணல் அடுக்கிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம் என்ற நினைப்பு வராமல் இருப்பதில்லை.

தோப்பு மூன்று ஏக்கர். ஒன்றரை ஏக்கரில் தாத்தா வைத்த பங்கனப்பள்ளியும் ருமானியும், ஒரு ஏக்கரில் சப்போட்டா, மீதி அரை ஏக்கரில் 2012இல் வைத்த கொய்யா. பார்த்துக்கொள்பவர் பெரியப்பா. நான் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போவேன்.

என் சிறு வயதில் அங்கே வாய்க்கால் பாசனம்தான். விடியற்காலையில் மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் ஓடத் தொடங்கும். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு மடையில் நிற்பார். ஒரு பாத்தி நிறைந்ததும் அந்த மடையை ஒரே வெட்டு மண்ணால் அடைத்து, அடுத்த மடையைத் திறப்பார். தண்ணீரின் முன்விளிம்பு காய்ந்த சருகுகளைத் தள்ளிக்கொண்டு நகரும். அந்த விளிம்பிலிருந்து பிள்ளைப்பூச்சிகளும் சிலந்திகளும் தப்பித்து ஓடும். அவற்றைப் பிடிக்கக் கொக்குகளும் மைனாக்களும் தண்ணீரோடு சேர்ந்து அடி அடியாக நடந்து வரும். அந்தக் காட்சியை நான் நேசித்தேன், இப்போதும் நேசிக்கிறேன். வாய்க்கால் ஓரத்தில் கீழாநெல்லியும் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் தாமாக முளைத்துக் கிடந்தன. சொட்டு நீர் வந்த பிறகு முதலில் போனவை இவைதான்.

ஆனால் அந்தப் பாசனத்தின் விலையையும் சொல்ல வேண்டும். பத்து மீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு ஏக்கருக்கு நாற்பது மாமரங்கள். ஐந்து மீட்டர் விட்டத்துக்குக் கிளை விரித்த ஒரு மரத்தின் நிழல் ஏறக்குறைய இருபது சதுர மீட்டர். மே மாத வெயிலில் அந்த மரம் ஒரு நாளைக்கு 80 லிட்டர் அளவுக்குக் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். நாற்பது மரங்களுக்கு நாளொன்றுக்கு 3,200 லிட்டர், பத்து நாளுக்கு 32,000 லிட்டர். நாங்கள் பத்து நாளுக்கு ஒரு முறை பாய்ச்சியதோ 2 லட்சம் லிட்டர். மரங்களுக்கு இடையில் வெயில் நேராக விழும் வெற்று மண்ணையும் அதில் முளைத்த களையையும் அல்லவா நாங்கள் நனைத்துக்கொண்டிருந்தோம்? போதாததற்கு, தண்ணீர் தூரைத் தொட்டு நின்ற மரங்களில் பட்டை வெடித்துப் பிசின் வடிந்தது. இரண்டு ருமானி மரங்களை அப்படி இழந்தோம்.

சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியத்தில் சொட்டு நீர்ப் பாசனம் கிடைத்த காலம் அது. 2012இல் நாங்களும் போட்டோம். அமைத்துக் கொடுக்க வந்தவர்கள் எல்லா வரிசைக்கும் ஒரே அளவாக ஒரு பக்கவாட்டுக் குழாயை நீட்டி, ஒவ்வொரு மரத்துக்கும் மணிக்கு எட்டு லிட்டர் சொட்டும் இரண்டு டிரிப்பர்களைத் தூருக்கு அருகிலேயே குத்திவிட்டுப் போனார்கள். நாற்பது வயது மாமரத்துக்கும் அன்று நட்ட கொய்யாக் கன்றுக்கும் ஒரே அமைப்பு. வளர்ந்த மரம் தண்ணீரை உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதியைத் தூரிலிருந்து தள்ளி, கிளை விரிந்த பரப்புக்குக் கீழேதான் பரப்பி வைத்திருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் குழாயின் நீளம் கூடும், வேலை கூடும். எங்களுக்கும் அப்போது கேட்கத் தெரியவில்லை.

முதல் இரண்டு ஆண்டுகள் எல்லாம் நன்றாகவே இருந்தன. களை குறைந்தது, கூலி குறைந்தது. பெரியப்பா விடியற்காலையில் எழுந்து மடையில் நிற்க வேண்டியதில்லை. கிணற்றில் தண்ணீர் மிஞ்சுவதுபோல் தெரிந்தது.

அந்த மிச்சத்தை நாங்கள் என்ன செய்தோம் என்பதுதான் நான் வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய விஷயம். பக்கத்தில் தரிசாகக் கிடந்த முக்கால் ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துக் கத்தரியும் வெண்டையும் போட்டோம். மின்சாரம் இலவசம், மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடினாலும் கட்டணம் இல்லை. தோப்பில் மிச்சமான மணி நேரமெல்லாம் காய்கறிக்குப் போனது. பெரியப்பா தினசரிக் காலண்டர் தாளின் மூலையில் மோட்டார் ஓடிய நேரத்தைக் குறித்து வைக்கும் பழக்கம் உள்ளவர். பின்னாளில் நான் அந்தத் தாள்களை எடுத்துக் கூட்டிப் பார்த்தபோது, சொட்டு நீர் போடுவதற்கு முன்பும் பின்பும் ஒரு கோடையில் மோட்டார் ஓடிய நேரம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. வருமானம் கூடியது உண்மை. நிலத்தடி நீருக்கு ஒரு சொட்டுகூட மிஞ்சவில்லை என்பதும் உண்மை. முன்பாவது பாத்தியில் தேங்கியதில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கி மீண்டும் கிணற்றுக்குத் திரும்பியது. இப்போது எடுத்ததெல்லாம் இலை வழியே ஆவியாகிப் போனது. சொட்டு நீர்ப் பாசனத்தைப் பற்றிய விளம்பரங்களில் பாதித் தண்ணீர் மிச்சம் என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், அந்தப் பாதி எங்கே போனது என்று கேட்கத் தோன்றுகிறது. மரத்தடியில் குறைத்த அளவுக்கு மோட்டாரும் நின்றால்தான் அதை மிச்சம் என்று சொல்ல முடியும்.

2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் கரையைக் கடந்தது. தோப்பில் பழைய மாமரங்கள் மூன்றும் கொய்யா பதினொன்றும் சாய்ந்தன. மறுநாள் பேருந்து கிடைக்காமல் இரண்டு நாள் கழித்துத்தான் போய்ப் பார்த்தேன். சாய்ந்த கொய்யாவின் அடியில் வேர்கள் ஒரு கோரைப்பாயைச் சுருட்டி எடுத்ததுபோலக் கையகல ஆழத்தில் தட்டையாகப் பின்னிக் கிடந்தன. டிரிப்பர் சொட்டிய இடத்தைச் சுற்றி மட்டுமே அடர்த்தியாக இருந்தன. ஒரு தோப்பில் கண்டதை வைத்து விதி வகுக்க முடியாது, அந்தக் காற்றுக்கு நகரத்தில் எத்தனையோ ஆழ வேரோடிய மரங்களும் விழுந்தன. ஆயினும், தினமும் ஒரே இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டி வளர்த்தால் செடி வேரை நீட்டத் தேவையே இல்லாமல் போய்விடுகிறது என்பதை என் கண்ணால் பார்த்தேன்.

அடுத்ததாக வந்தது உப்பு. 2018இல் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றியது. 2019 ஏப்ரலில் மா இலைகளின் நுனியும் ஓரமும் தீயில் காட்டியதுபோல் பழுப்பேறிக் கருகின. மருந்து அடிக்க வேண்டிய நோய் என்று நினைத்தோம். ஒரு மரத்தடியில் குந்தி உட்கார்ந்து பார்த்தபோதுதான் விளங்கியது. டிரிப்பருக்கு நேர் கீழே மண் ஈரமாக, கறுப்பாக இருந்தது. அதிலிருந்து இரண்டு சாண் தள்ளி, ஈரமும் காய்ந்த மண்ணும் சந்திக்கும் கோட்டில், வெள்ளையாக ஒரு வளையம். நகத்தால் சுரண்டினால் மெல்லிய ஓடாகப் பெயர்ந்து வந்தது. நாக்கில் வைத்தேன். கரித்தது.

கிணற்று நீரைச் சோதனைக்குக் கொடுத்ததில் அதன் மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 1.5 டெசிசீமன்ஸ் என்று வந்தது. இதைக் குடிக்க முடியாத தண்ணீர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த அளவென்றால் ஒரு லிட்டரில் ஏறத்தாழ ஒரு கிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று பொருள். ஒரு மரத்துக்கு நாளொன்றுக்கு 80 லிட்டர் விட்டால் 80 கிராம் உப்பு. கோடையில் நூறு நாள் விட்டால் 8 கிலோ. மரம் தண்ணீரைக் குடிக்கும், உப்பில் பெரும்பகுதியை மண்ணிலேயே விட்டுவிடும். ஒவ்வொரு மரத்தடியிலும் ஆண்டுதோறும் எட்டுக் கிலோ உப்பை நாங்களே கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தோம். சப்போட்டா இதைப் பொறுத்துக்கொள்ளும், கொய்யா ஓரளவு தாங்கும். மா தாங்காது, முதலில் இலையில் காட்டிவிடும்.

வாய்க்கால் பாசனத்தில் இந்த உப்பு இல்லையா என்று கேட்கலாம். அதில் வந்த உப்பு இன்னும் அதிகம், ஏனென்றால் தண்ணீரே அதிகம். தேங்கி நின்ற தண்ணீர் அந்த உப்பை வேர் மட்டத்துக்குக் கீழே தள்ளிவிட்டது, அவ்வளவுதான். கூடவே நாங்கள் போட்ட யூரியாவிலிருந்து நைட்ரேட்டையும் கரைத்துக் கீழே கொண்டுபோனது. கீழே என்றால் அதே மணல் அடுக்கு, அதே கிணறு, அதே குடிநீர். ஒரு முறையில் உப்பு மரத்தடியில் தங்குகிறது, மற்றொரு முறையில் ஊர்க் கிணற்றுக்குப் போகிறது. எங்கள் பக்கம் மழை வலுத்துப் பெய்யும் ஆண்டுகளில் ஐப்பசி, கார்த்திகை மழையே மரத்தடி உப்பைக் கழுவிவிடுவதால் இது கண்ணுக்குத் தெரிவதில்லை. மழை பொய்த்த ஆண்டில்தான் கணக்கு முழுவதும் வெளியே வருகிறது.

அந்தக் கோடையில் பக்கத்து நிலத்துக்காரர்கள் சிலர் பயிரை விட்டுவிட்டுத் தண்ணீரை லாரிக்கு விற்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நகரத்தில் குடம் தூக்கி நின்றவர்களில் நானும் ஒருவன். குடிநீர் வழங்கும் தரப்பும் அந்தப் பக்கத்து விவசாயக் கிணறுகளிலிருந்து விலைக்கு வாங்கித்தான் சமாளித்தது. ஒரே மணலிலிருந்து பயிரும் நகரமும் குடிக்கும்போது, தோப்பில் வீணாகும் தண்ணீரைத் தோப்புக்காரனின் சொந்த விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது என்பது அந்த ஆண்டில் எனக்கு உறைத்தது.

2020இல் முறையை மாற்றினோம். பழைய மாமரங்களுக்கு டிரிப்பரை எடுத்துவிட்டு வட்டப்பாத்தி கட்டினோம். தூரைச் சுற்றி இரண்டடி தள்ளி ஒரு சிறு வரப்பு, அதற்குள் தண்ணீர் நுழையாது. கிளை விளிம்புக்குக் கீழே வெளிவரப்பு. இரண்டு வரப்புகளுக்கும் இடையில் மட்டும் பத்து நாளுக்கு ஒரு முறை, மண் வாய்க்கால் இல்லாமல் பிவிசி குழாயிலிருந்து ஹோஸ் போட்டுப் பாய்ச்சுகிறோம். இதில் 5 சென்டிமீட்டர் நிறுத்தினால் மரத்துக்கு ஆயிரம் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவே ஆகிறது. பத்து நாளில் மரம் குடிப்பது 800 லிட்டர். மேலதிகமாக இருக்கும் கொஞ்சத் தண்ணீர் உப்பைக் கீழே தள்ளப் பயன்படுகிறது. ஏக்கருக்கு 2 லட்சம் லிட்டர் போன இடத்தில் இப்போது 40,000 லிட்டர் போதுகிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது நான் வியந்து போனேன். சொட்டு நீரால் கிடைக்கும் என்று நாங்கள் நம்பிய சிக்கனத்தில் பெரும்பங்கு, நனைய வேண்டாத மண்ணை நனைக்காமல் விடுவதிலேயே கிடைத்துவிடுகிறது. அதற்கு ஒரு மண்வெட்டியும் ஒரு ஹோஸும் போதும். கூலிக்கு ஆள் கிடைப்பதுதான் கடினம் என்பதையும் மறைக்கக் கூடாது. இந்த வேலை பெரியப்பா வயதில் ஒருவரால் தனியாக முடியாது.

கொய்யாவுக்கும் சப்போட்டாவுக்கும் சொட்டு நீரையே வைத்துக்கொண்டோம், ஆனால் மரத்தைச் சுற்றி வளையமாக. ஒரு மரத்துக்கு ஆறு டிரிப்பர்கள், கிளை விரிய விரிய வளையத்தையும் வெளியே நகர்த்துகிறோம். தினமும் கொஞ்சமாக விடுவதை நிறுத்தி, மூன்று நாளுக்கு ஒரு முறை நீண்ட நேரம் விடுகிறோம். அப்போதுதான் ஈரம் ஆழத்துக்குப் போகும். மரத்தடியில் மா இலைச் சருகும் தென்னை மட்டையும் நான்கு விரற்கடை கனத்துக்கு மூடாக்கு. பிளாஸ்டிக் மூடாக்குத் தாளை ஒரு முறை கத்தரிக்குப் போட்டுப் பார்த்து விட்டுவிட்டோம். வெயிலில் நைந்து, அறுவடைக்குப் பின் கிழிசல் கிழிசலாக மண்ணோடு கலந்துவிட்டது. இன்றும் உழும்போது துண்டுகள் மேலே வருகின்றன.

குழாயைப் பற்றியும் இதே கவலை எனக்கு உண்டு. அணில் கடித்தும் வெயில் பட்டும் பழுதான கறுப்புக் குழாய்களைக் கட்டுக் கட்டாக வரப்போரத்தில் குவித்து, சிலர் கொளுத்தியும் விடுகிறார்கள். அந்த நாற்றம் அரை மைலுக்கு வரும். நாங்கள் பழைய இரும்புக் கடைக்காரரிடம் எடைக்குப் போடுகிறோம். மானியம் கொடுத்துக் குழாய் போடச் சொல்லும் திட்டத்தில், தேய்ந்த குழாயைத் திரும்ப வாங்கும் ஏற்பாடும் சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு சிக்கனத்துக்குச் செலவே இல்லை. மழைக்காலம் முடிந்து பூ எடுக்கும் வரை மாவுக்குத் தண்ணீர் தேவையில்லை. மண் அப்படிக் காய்வதில்தான் மரம் பூவுக்குத் தயாராகிறது. அப்போது பாய்ச்சினால் பூவுக்குப் பதிலாகத் துளிர் வரும். பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்த பிறகு பாய்ச்சத் தொடங்கினால் போதும். தாத்தாவுக்கு இது தெரிந்திருந்தது. சொட்டு நீர் வந்த பிறகு, வால்வைத் திருப்புவது எளிதாகிவிட்டதால், நாங்கள் மார்கழியிலும் விட்டுக்கொண்டிருந்தோம்.

கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பை 2003இல் கட்டாயமாக்கிய மாநிலம் இது. வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர் அன்றுமுதல் கிணற்றுக்குப் போகிறது. மூன்று ஏக்கர் தோப்பில் விழும் மழையை மட்டும் ஓடையில் ஓட விட்டுக்கொண்டிருந்தோம். இப்போது தாழ்ந்த மூலையில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டியிருக்கிறோம். குத்தகை நிலத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டோம், அதில் பெரியப்பாவுக்கு இன்னமும் வருத்தம்தான்.

உப்பு விஷயத்தில் அவரை நம்பவைக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. கோடையில் திடீரென்று ஒரு சிறு மழை பெய்தால், வளையத்தில் படிந்திருக்கும் உப்பு கரைந்து வேர்ப் பக்கமாக உள்ளே நகரும். பெருமழையென்றால் கீழே கழுவிக்கொண்டு போய்விடும், தூறலென்றால் கழுவாது, நகர்த்திவிட்டு நின்றுவிடும். ஆகவே அந்த நேரத்தில் சொட்டு நீரையும் ஓட விட்டால், உள்ளேயிருந்து தள்ளும் ஈரம் உப்பை வெளியிலேயே நிறுத்தும். மழை பெய்யும்போது மோட்டார் போடச் சொல்கிறாயே என்று அவர் கோபித்துக்கொண்டார். தண்ணீரைச் சேமிப்பதைப் பற்றி ஓயாமல் பேசுபவனே இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

சென்ற மே மாதம் ஓர் இரவு, பத்து மணிக்கு மேல், வில்லிவாக்கத்தில் காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது, மழை இல்லை. பெரியப்பாவிடமிருந்து போன் வந்தது. பின்னணியில் தகரக் கூரையில் தூறல் விழும் சத்தம் கேட்டது. "தம்பி, இங்க லேசா தூறுது. கொய்யாவுக்கும் சப்போட்டாவுக்கும் வால்வு தொறந்துட்டேன். எவ்ளோ நேரம் விடட்டும்?" என்று கேட்டார். தூறல் நிற்கும்வரை என்றேன்.